பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஸ்லிப் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்தாலும் போனில் பேசினாலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) வைத்த பழைய ரகக் கியர் பெட்டிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு: ஹூண்டாய் ஐ10, மாருதி ஏ-ஸ்டார், பழைய ஹோண்டா சிட்டி, சிவிக், டொயோட்டா கொரோலா போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் மாடல்கள். ஏஜிஎஸ் (மேனுவல் பெட்டியை மெஷின் இயக்குவது), சிவிடி (பெல்ட், புல்லி வகை) வண்டிக்காரர்களுக்கு கீழே தனியாக ஒரு பதில் இருக்கிறது.

ஸ்லிப் ஆகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

இன்ஜின் சத்தமும் ஆர்பிஎம் முள்ளும் ஏறுகின்றன, வேகம் அதற்கேற்ற மாதிரி ஏறவில்லை. இதுதான் ஸ்லிப். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நேரத்தில் இன்ஜின் ஒரு நொடி 'ஊம்' என்று கத்திவிட்டு அப்புறம் பிடிப்பது அதன் ஆரம்ப நிலை. மேம்பாலம் ஏறும்போது முள் 2,500-லிருந்து 3,500-க்குத் தாவியும் வண்டி அதே வேகத்தில் தவழ்ந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் பெட்டி ஒரு கியர் கீழே இறங்குவது இயல்பு. அப்போதும் ஆர்பிஎம் தாவும், கூடவே வண்டியும் சீறிக்கொண்டு கிளம்பும். நின்ற இடத்திலிருந்து நகரும்போது டார்க் கன்வர்ட்டருக்குள் கொஞ்சம் நழுவல் இருப்பதும் அதன் வடிவமைப்பு. மேனுவல் வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறியவர்கள் இந்த இரண்டையும் பார்த்துப் பயந்து வருகிறார்கள்.

ஸ்லிப் மாதிரியே தோன்றும், ஆனால் கியர் பாக்ஸ் காரணம் இல்லாத கோளாறுகள் உண்டா?

நிறைய. 60–80 கி.மீ. வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது ரோட்டில் வரிசையாகப் போட்ட கோடுகள் மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வந்தால், அது இன்ஜின் மிஸ்ஃபயராக இருக்கலாம், கன்வர்ட்டருக்குள் இன்ஜினையும் பெட்டியையும் நழுவல் இல்லாமல் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் அதிர்வதாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு எளிய வழி: ரோடு காலியாக இருக்கும் இடத்தில், அந்த நடுக்கம் வரும்போது ஆக்சிலேட்டரை விடாமல் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்தவுடன் லாக்கப் விடுபடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் லாக்கப். தொடர்ந்தால் பிளக், காயில் பக்கம் பாருங்கள்.

பிக்கப் இல்லை, ஆனால் ஆர்பிஎம்மும் ஏறவில்லை என்றால் அது ஸ்லிப்பே இல்லை. புகைக்குழாயில் அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஃப்யூவல் பில்டர், பம்பு என்று தேடல் வேறு திசையில் போக வேண்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் பல் தேய்ந்து போனாலும் இன்ஜின் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதில் கடகடவென்று சத்தம் வரும். 'பி'-யில் போட்டாலும் வண்டி சரிவில் நிற்காது.

முதலில் எதைப் பார்ப்பது?

ஆயில் அளவு. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் ஆயில் உராய்வைக் குறைப்பதற்கு மட்டும் இல்லை. கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பதே அந்த ஆயிலின் அழுத்தம்தான். அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், பிளேட் நழுவும், நழுவினால் சூடாகும், சூட்டில் எரியும். அரை லிட்டர் ஆயில் கசிவில் ஆரம்பித்து முழு ஓவர்ஹாலில் முடிந்த வண்டிகள் உண்டு.

அளவு பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, பலர் தவறுவது இங்கேதான். டொயோட்டாவில் வண்டியை நன்றாக ஓட்டி ஆயில் 70–80 டிகிரிக்கு வந்தபின், பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா நிலைக்கும் ஒரு சுற்று நகர்த்தி 'பி'-க்குக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்து 'ஹாட்' குறியில் பார்க்க வேண்டும். ஹூண்டாயிலும் இன்ஜின் ஓட வேண்டும். ஹோண்டாவில் நேர் எதிர்: ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் அளவுக்குச் சூடாக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். ஹோண்டாவை ஓடவிட்டுப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சிப்போகும்.

மிஞ்சுவதும் கெடுதல்தான். சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் தாங்கும் சக்தி கிடையாது. விளைவு மறுபடி ஸ்லிப்.

டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றில் வண்டியை மட்டமாகத் தூக்கி, ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே அடியில் உள்ள ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து பார்ப்பார்கள். வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

ஆயிலின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

புதுசில் சிவப்பு. ஓட ஓடப் பழுப்பாகும், அது வயது, பயப்பட வேண்டாம். கறுத்து, கருகிய பிரேக் லைனிங் வாசனை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி வெளுத்த இளஞ்சிவப்பில் இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஒரு துளியை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுச் சில நிமிடம் பாருங்கள். நல்ல ஆயில் பரவும். நடுவில் கறுப்புப் பொடி தங்கி, ஓரத்தில் மட்டும் ஈரம் பரவினால் பிளேட் துகள் மிதக்கிறது. ஆயில் பேனைக் கழற்றும் வசதி இருந்தால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு மெல்லிசாகப் படிந்திருப்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். ஊசி ஊசியாக மின்னும் இரும்புச் சில்லுகள், பேனில் பித்தளை நிறத் துணுக்குகள் கிடந்தால் பேரிங், புஷ் வரைக்கும் சேதம் போய்விட்டது.

சர்வீஸுக்கு விட்டு ஆயில் மாற்றி எடுத்த மறுநாளே ஸ்லிப் ஆரம்பித்துவிட்டது. ஏன்?

மூன்று சாத்தியங்கள். முதலாவது, கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உலகம் முழுக்க நடப்பது: இன்ஜின் ஆயில் பிளக் என்று நினைத்து கியர் பாக்ஸ் ஆயில் பிளக்கைத் திறந்துவிடுவார்கள். ஹோண்டாவில் இது அதிகம். அங்கே கியர் பாக்ஸ் பிளக்கில் வெளியே ஸ்பேனர் பிடிக்கும் தலைக்குப் பதில் 3/8 அங்குலச் சதுரக் குழி இருக்கும், அதைக் கவனித்தாலே தவறு நேராது. கியர் பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, புது இன்ஜின் ஆயிலை ஏற்கனவே நிரம்பியிருக்கும் இன்ஜினில் ஊற்றிவிடுவார்கள். எனவே சர்வீஸ் முடிந்த வண்டி ஸ்லிப் ஆனால் உடனே நிறுத்தி இரண்டு டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஒன்று பொங்கி, இன்னொன்று காய்ந்திருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

இரண்டாவது, தவறான ஆயில். ஹூண்டாயின் பழைய 4 கியர் பெட்டிகளுக்கு எஸ்பி-3 ரகம். ஹோண்டாவுக்கு முன்பு இசட்-1, இப்போது அதன் இடத்தில் டிடபிள்யூ-1. டொயோட்டாவில் டெக்ஸ்ரான், டி-4, டபிள்யூஎஸ் என்று காலத்துக்குத் தகுந்தபடி மாறியிருக்கிறது. டி-4 கேட்கும் பெட்டிக்கு டபிள்யூஎஸ் ஊற்றக் கூடாது. எல்லாம் சிவப்பாக இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்து, பவர் ஸ்டீயரிங்குக்கு வைத்திருக்கும் டப்பாவிலிருந்தே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உராய்வுக் குணம் மாறினால் பிளேட் பிடிக்கும் விதமே மாறிவிடும்.

மூன்றாவது, அளவு குறை அல்லது மிகை. மேலே சொன்னதுதான்.

எப்போது ஸ்லிப் ஆகிறது என்பதில் துப்பு கிடைக்குமா?

கிடைக்கும். ஸ்கேனர் சொல்லாததையும் இது சொல்லும். பட்டறைக்குப் போகும் முன் ஒரு வாரம் இதைக் கவனித்துத் தாளில் குறித்துக்கொண்டு போனால் நல்ல மெக்கானிக் உங்களைக் கும்பிடுவார்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டி' போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது, அப்புறம் நாள் முழுக்க ஒழுங்கு என்றால், ராத்திரியில் கன்வர்ட்டரில் இருந்த ஆயில் வடிந்து இறங்கியிருக்கிறது, அல்லது ரப்பர் சீல்கள் இறுகிப்போய்விட்டன. இறுகிய சீல் குளிரில் சுருங்கி ஆயிலைக் கசியவிடும், சூடானதும் விரிந்து அடைக்கும்.

இதற்கு நேர்மாறாக, காலையில் நன்றாக ஓடி, மதியம் டிராஃபிக்கில் சூடான பிறகு நழுவினால், சூட்டில் ஆயில் நீர்த்துத் தேய்ந்த இடங்கள் வழியாக அழுத்தம் கசிகிறது. பம்பு, சீலிங் ரிங், ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் தேய்ந்த துளைகள் என்று சந்தேகம் போகும். இரண்டில் இதுதான் மோசம்.

வளைவில் திரும்பும்போதோ மேடு ஏறும்போதோ மட்டும் என்றால் முக்கால்வாசி ஆயில் குறைவுதான். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது உறிஞ்சும் வாய் காற்றில் தொங்குகிறது.

'டி'-யில் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை, ஆனால் லீவரை 'எல்' அல்லது 1-க்கு இழுத்தால் கிளம்புகிறது, ரிவர்ஸும் நன்றாக இருக்கிறது என்றால், முதல் கியரின் ஒரு வழிக் கிளட்ச் போயிருக்கிறது. 'எல்'-லில் வேறொரு கிளட்ச்சும் சேர்ந்து பிடிப்பதால் வண்டி தப்பிக்கிறது. ஆயில் மாற்றினால் இது தீராது, பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு கியரில் மட்டும் நழுவல் என்றால் அந்தக் கியருக்கான கிளட்ச். இரண்டு கியரில் என்றால் அவை இரண்டும் பகிர்ந்துகொள்ளும் பாகம். எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் வேலை செய்கிறது என்ற அட்டவணை ஒவ்வொரு பெட்டிக்கும் உண்டு. உங்கள் மெக்கானிக்கிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். 'எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா தெரியும் சார்' என்கிறவரிடம் அந்த அட்டவணை இருக்காது. எல்லாக் கியரிலும், ரிவர்ஸிலும் சேர்த்து நழுவினால் பொதுவான அழுத்தம்தான் குறைகிறது: ஆயில், பில்டர், பம்பு, பிரஷர் சோலினாய்டு (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு).

ஸ்டால் டெஸ்ட் என்கிறார்களே, அதை நானே செய்யலாமா?

செய்யத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் பட்டறையில் செய்யுங்கள். வண்டி சூடாக இருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, இடது காலால் பிரேக்கை முழுக்க மிதித்தபடி 'டி' போட்டு ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்க வேண்டும். ஆர்பிஎம் எதில் போய் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஐந்து விநாடிக்கு மேல் கூடாது. அடுத்த தடவைக்கு முன் 'என்'-னில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு ஆயிலை ஆறவிட வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது.

சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 2,000-லிருந்து 2,800-க்குள் ஏதோ ஓர் எண் வரும், உங்கள் மாடலுக்கு உரியது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைத் தாண்டிப் போனால் கிளட்ச் நழுவுகிறது. 'டி', 'ஆர்' இரண்டிலும் தாண்டினால் அழுத்தக் குறைவு; 'டி'-யில் மட்டும் என்றால் முன்னோக்கிச் செல்லும் கிளட்ச்; 'ஆர்'-ல் மட்டும் என்றால் ரிவர்ஸ் பக்கம். எண் மிகவும் குறைந்து நின்றால் இன்ஜினில் சக்தி இல்லை, அல்லது கன்வர்ட்டருக்குள் ஆயிலின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் போய்விட்டது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில வண்டிகளில் கம்ப்யூட்டர் தானாகவே ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்திவிடும். அங்கே இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

ஏற்கனவே கறுத்த ஆயிலோடு நழுவிக்கொண்டிருக்கும் பெட்டியில் இதைச் செய்யவே வேண்டாம். அங்கே பதில் ஏற்கனவே தெரிந்துவிட்டது.

இதைவிடப் பாதுகாப்பானது நேரம் பார்ப்பது. சூடான வண்டி, ஐடிலில், பிரேக் மிதித்தபடி 'என்'-னிலிருந்து 'டி'-க்குப் போடுங்கள். வண்டி லேசாகக் குனிந்து பிடிக்கும் வரை எத்தனை விநாடி? டொயோட்டா தன் மேனுவல்களில் தரும் அளவு: 'டி'-க்கு 1.2 விநாடிக்குள், 'ஆர்'-க்கு 1.5 விநாடிக்குள். இதை வீட்டிலேயே செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்துச் செய்யலாம்.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?

ஓரளவு. ஸ்கேனர் காட்டும் கோடுகளில் (பழுதுக் குறியீடுகளில்) பி0730-லிருந்து வரும் வரிசை 'கியர் விகிதம் சரியில்லை' என்கிறது. பி0731 என்றால் முதல் கியர், பி0732 இரண்டாவது, இப்படியே. பி0741 லாக்கப் பிடிக்கவில்லை என்கிறது. பி0715, பி0720 வேக சென்சார்கள். பி0750-லிருந்து வருபவை ஷிப்ட் சோலினாய்டுகள்.

இவை அறிகுறியைத்தான் சொல்கின்றன. பி0733 வந்தால் மூன்றாவது கியர் நழுவுகிறது என்பது உண்மை. ஆனால் பிளேட் தேய்ந்ததாலா, சீல் கிழிந்ததாலா, சோலினாய்டு ஒட்டிக்கொண்டதாலா என்பது அதில் இல்லை. வேக சென்சார் பொய் சொன்னாலும் கம்ப்யூட்டர் ஸ்லிப் என்றே எடுத்துக்கொள்ளும். எனவே கோடு மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், ஓட்டிக்கொண்டே லைவ் டேட்டாவில் உள்ளே வரும் வேகம், வெளியே போகும் வேகம், ஆயில் சூடு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதால் கோடு இல்லை என்று அர்த்தம் இல்லை. பழைய ஹோண்டாவில் டேஷ்போர்டில் 'டி' விளக்கு மினுக்கும். பழைய டொயோட்டாவில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு மினுக்கும். ஹூண்டாய் 4 கியர் பெட்டி பாதுகாப்பு நிலைக்குப் போனால் மூன்றாவது கியரிலேயே நின்றுவிடும். வண்டி சிக்னலில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும், அதை ஸ்லிப் என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

கியர் பாக்ஸ் போய்விட்டது, இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

ஒரே கேள்வி கேளுங்கள்: 'பிரஷர் எவ்வளவு இருந்தது?' கிட்டத்தட்ட எல்லா டார்க் கன்வர்ட்டர் பெட்டியிலும் அழுத்தம் பார்க்க ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றிக் கேஜ் மாட்டி, ஐடிலிலும், ரேஸ் செய்யும்போதும், 'டி'-யிலும் 'ஆர்'-லும் பார்த்து மேனுவலோடு ஒப்பிடும் வேலை ஒரு மணி நேரம்தான். ஹோண்டாவில் ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் தனித்தனியாகவே பிளக் வைத்திருக்கிறார்கள்.

பொது அழுத்தம் எங்கும் குறைவு என்றால் பில்டர், பம்பு, பிரஷர் சோலினாய்டு. பொது அழுத்தம் சரி, ஒரு கிளட்ச்சில் மட்டும் குறைவு என்றால் அந்தப் பாதையில் கசிவு. எல்லாமே சரியாக இருந்தும் நழுவுகிறது என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. இறக்கித்தான் ஆக வேண்டும், மெக்கானிக் சொன்னது சரி. ஆயில் அளவு, ஸ்கேன், கேஜ் மூன்றும் பார்க்காமல் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னால், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இன்னொருவரிடம் காட்டுங்கள். சோதனைகளுக்கு ஆகும் செலவு சில ஆயிரங்களுக்குள் முடியும். ஓவர்ஹால் பல பத்தாயிரம், சில மாடலுக்கு லட்சத்தைத் தாண்டும்.

பெட்டியைப் பிரிக்காமலே சரியாகக்கூடியவை எவை?

1990-களின் டொயோட்டா போன்ற சில வண்டிகளில் த்ராட்டிலிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. கேபிள் தளர்ந்தால் பெட்டி குறைந்த அழுத்தத்தில் கியர் மாற்றும், மாற்றம் வெண்ணெய் மாதிரி இருக்கிறதே என்று ஓட்டுபவர் சந்தோஷப்படுவார், உள்ளே பிளேட் எரிந்துகொண்டிருக்கும். முழு த்ராட்டிலில் கேபிளின் ஸ்டாப்பருக்கும் உறை முனைக்கும் இடையே 0–1 மி.மீ. இருக்க வேண்டும். சரிசெய்ய இரண்டு நட்டு, பத்து நிமிடம்.

அடுத்தது சோலினாய்டு. மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள்: பல டொயோட்டா ஷிப்ட் சோலினாய்டுகளில் 11–15, ஹோண்டாவில் 12–25. ஓம் சரியாக இருந்தும் உள்ளே அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று கேட்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் இவை வெளியிலேயே போல்ட் செய்யப்பட்டிருக்கும். அடியில் இருக்கும் கேஸ்கட்டில் ஒரு பொடி வலை, அது அடைத்தாலே லாக்கப்பும் கியர் மாற்றமும் கெடும். கழுவி, புது கேஸ்கட் போட்டால் தீரும் கேஸ்கள் உண்டு. அதே ஹோண்டாவின் 5 கியர் பெட்டிகளில் கிளட்ச் பிரஷர் ஸ்விட்சும் அடிக்கடி போகிற சாமான்.

வால்வ் பாடியும் பெரும்பாலான வண்டிகளில் ஆயில் பேன் பக்கமாகவே இறங்கிவிடும். ஹோண்டாவுக்கு இது பொருந்தாது. பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர் துரு பிடித்திருந்தால் கியர் கம்ப்யூட்டர் தாறுமாறாக நடந்துகொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆயில் மாற்றினால் ஸ்லிப் போய்விடுமா? மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்றும் சொல்கிறார்களே?

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை. லாக்கப் நடுக்கம், லேசான தாமதம், முரட்டுத்தனமான மாற்றம் இவை புது ஆயிலில் சரியாவதை நிறையப் பார்க்கலாம். எரிந்த பிளேட்டை எந்த ஆயிலும் மீட்டுத் தராது. அதில் ஒட்டியிருக்கும் காகித வகை லைனிங் போனால் போனதுதான்.

'மாற்றினதும் செத்துப்போச்சு' என்கிற கதைகளில் பெரும்பாலும் நடந்தது இது: வண்டி நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஆயில் ஞாபகம் வந்திருக்கும். பழைய ஆயிலில் மிதந்த பிளேட் பொடி கொஞ்சம் உராய்வைக் கொடுத்துக்கொண்டிருந்தது, புது ஆயிலில் அதுவும் இல்லை. அதோடு மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்தால் அடியில் தங்கிய கசடு கிளம்பி வால்வ் பாடியின் நுண்துளைகளில் போய் உட்காரும்.

என் பரிந்துரை, வடித்து அதே அளவு ஊற்றும் பழைய முறை. மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் பிளக்கைத் திறந்தால் 2.5 லிட்டர்தான் வரும், மிச்சம் கன்வர்ட்டரில் நிற்கும். ஒரு தடவை மாற்றினால் 58 சதவீதம் பழையது தங்கும், இரண்டாம் தடவை 34, மூன்றாம் தடவை 20. ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நாள் ஓட்டுங்கள். வடித்த ஆயிலை அளந்து, அதே அளவு ஊற்றுங்கள். கடைசித் தடவையில் பில்டர் மாற்றலாம். ஹோண்டாவில் உள்ளே இருக்கும் சல்லடை பெட்டியைப் பிரித்தால்தான் வரும் என்பதால் அந்தப் பேச்சே இல்லை.

கடையில் 'ஸ்லிப் நிற்கும்' என்று விற்கும் டியூப் மருந்துகள்?

இறுகிய சீலை ஊதவைக்கும் கெமிக்கல் அது. சீல் கோளாறாக இருந்தால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு சீல் மெதுவாகிப் பிசுபிசுத்துவிடும். வண்டியை விற்கப் போகிறவர்கள் ஊற்றுவது. நான் வாங்க மாட்டேன்.

ஓவர்ஹால் என்று முடிவாகிவிட்டது. என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

எரிந்த ஒரு கிளட்ச்சுக்கு மட்டும் பிளேட் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியே பாதிச் செலவு. அதே வயதுள்ள மற்ற சீல்கள் ஆறு மாதத்தில் அடுத்த கூலியைக் கேட்கும். எல்லா ரப்பர் சீலும், சீலிங் ரிங்கும், கேஸ்கட்டும், பில்டரும், எல்லா உராய்வு பிளேட்டும் புதுசு போட வேண்டும். இடையில் வரும் எஃகு பிளேட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தால் அவையும்.

புது உராய்வு பிளேட்டை மாட்டும் முன் அதே ரக ஆயிலில் ஊறவைக்க வேண்டும், குறைந்தது அரை மணி நேரம். உலர்வாகப் போட்டால் முதல் நாளே கருகும். பிளேட் அடுக்கில் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் காற்று கொடுத்துப் பார்த்தால் 'தப்' என்று பிஸ்டன் அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும், 'உஸ்' என்று கசிந்தால் சீல் மடங்கியிருக்கிறது.

கன்வர்ட்டரை என்ன செய்தார்கள் என்பதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். பழைய பெட்டியின் கசடு முழுக்க அதற்குள்தான் கிடக்கும். லேத்தில் வெட்டித் திறந்து சுத்தம் செய்து, லாக்கப் லைனிங் மாற்றி, மறுபடி வெல்டு வைத்துப் பேலன்ஸ் பார்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், அல்லது வேறு கன்வர்ட்டர் போட வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினோம் என்பது சுத்தம் செய்தது ஆகாது. கூலர் குழாய்களையும் இரண்டு பக்கமும் கழுவ வேண்டும்.

மாட்டும்போது கன்வர்ட்டர் பம்பின் பல்லில் முழுசாக உட்கார வேண்டும். உட்காராமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்பு உடையும்; ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே புது ஓவர்ஹால் காலி.

அப்புறம், ஏன் எரிந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். கிழிந்த சீல், விரிசல் விட்ட டிரம், தேய்ந்த வால்வ் துளை என்று ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். காரணம் உள்ளேயே இருந்தால் புது பிளேட்டும் அதே வழியில் போகும்.

புதுப்பேட்டையில் பழைய கியர் பாக்ஸ் வாங்கிப் போடலாமா?

பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் இடம் அது; சென்னையில் பலருக்கும் வரும் யோசனை. மலேசியாவில் இருப்பவர்கள் இதே காரணத்துக்காக 'ஹாஃப் கட்' (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளை விற்கும்) கடைக்குப் போகிறார்கள். பொதுவாக ஓடுகிற மாடல் என்றால் மோசமில்லை, ஆனால் அது ஒரு லாட்டரிதான். பெட்டி மேல் அடித்திருக்கும் குறியீடு உங்களுடையதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே மாடலில் வருடம் மாறினால் சென்சார் கனெக்டரும் கியர் விகிதமும் மாறியிருக்கும். கன்வர்ட்டரோடு சேர்த்து வாங்குங்கள். பிளக்கைத் திறந்து மிச்சம் இருக்கும் ஆயிலை முகர்ந்து பாருங்கள். ஒரு துளிகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். முன்பக்கம் அடிபட்ட வண்டியில் பெட்டியின் காதுகள் விரிசல் விட்டிருக்கும். மாட்டி ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரும் வாய்தாவை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. இப்போது நழுவுகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. கியர் பாக்ஸின் தலையில் காற்றுப் போக்கி ஒன்று இருக்கும். சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் மூழ்கிக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி அந்தப் போக்கி வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ல் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் மாட்டிய ஆட்டோமேட்டிக் வண்டிகளில், இன்ஜினையும் சீட்டையும் மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்தவர்கள் அதிகம். தண்ணீர் லைனிங் ஒட்டியிருக்கும் பசையைக் கெடுக்கும், சில மாதத்தில் உரிந்து வரும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை வடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளமே படாமல் ஆயில் ரோஸ் மில்க் ஆனால், ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டை. கூலன்ட் டப்பாவிலும் ஆயில் மிதக்கும். ரேடியேட்டரை மாற்றிவிட்டு ஆயிலை நிறம் தெளியும் வரை பல தடவை மாற்றுங்கள். கண்டுபிடிப்பதற்குள் வெகுநாள் ஓடிவிட்டால் பிளேட்டும் போயிருக்கும்.

நழுவுகிற வண்டியை வீடு வரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

ஆயில் குறைவு என்றால் ஊற்றிவிட்டு மெதுவாகப் போகலாம். கருகல் வாசனை வந்துவிட்டால் வேண்டாம். ஒவ்வொரு நழுவலும் பிளேட்டைத் தின்பதோடு, டிரம்மையும் வால்வ் பாடியையும் சேர்த்துக் கெடுக்கும். முன்சக்கர இழுவை வண்டியை முன்பக்கம் தூக்கி, அல்லது மொத்தமாகத் தட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கயிறு கட்டி நான்கு சக்கரமும் உருள இழுத்தால், இன்ஜின் ஓடாததால் பம்பும் ஓடாது, உள்ளே ஆயில் போகாமல் எல்லாம் உரசும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதில் நடக்காது.

என் வண்டி செலெரியோ ஏஜிஎஸ். இதே கதைதானா?

இல்லை. 2014-ல் செலெரியோவோடு வந்த ஏஜிஎஸ் மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் மெஷின் செய்கிறது. அதில் நழுவினால் சாதாரண கிளட்ச் பிளேட் தேய்மானம், மாற்றிவிட்டு ஸ்கேனரில் புது அளவைக் கற்றுக்கொடுக்க வேண்டும். 2003-க்குப் பிறகு வந்த ஹோண்டா சிட்டியின் சிவிடி போன்றவற்றில் எஃகு பெல்ட்டும் புல்லியும். அதற்கான ஆயிலே வேறு, மேலே சொன்ன ஸ்டால் டெஸ்ட்டை அதில் செய்யாதீர்கள்.

சரிசெய்த பிறகு எப்படி ஓட்ட வேண்டும்?

மேம்பாலச் சரிவில் நிற்கும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்தே வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள்; பிரேக்கை மிதியுங்கள். அந்த நிலையில் இன்ஜினின் உழைப்பு முழுக்க கன்வர்ட்டரில் சூடாகத்தான் மாறுகிறது. 80 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. சென்னை மே மாதத்தில் ஏசியோடு ஊர்ந்து ஓட்டுபவர்கள், ரேடியேட்டர் கூலருக்கு அடுத்ததாக வெளியே ஒரு சின்ன ஆயில் கூலரும் மாட்டிக்கொள்ளலாம். செலவுக்குத் தகுந்த பலன் உண்டு.

ரிவர்ஸில் உருண்டுகொண்டிருக்கும்போதே 'டி' போடாதீர்கள், முழுசாக நிற்கட்டும். ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று 'என்'-னில் விடுவதும் கூடாது. 2 அல்லது 'எல்' போட்டு இறங்குங்கள், பிரேக்கும் பிழைக்கும்.

ஓவர்ஹால் செய்த பெட்டியில் முதல் 500 கி.மீ. முடிந்ததும் அளவையும் கசிவையும் பார்த்து, ஆயிலை ஒரு தடவை வடித்து மாற்றிவிடுங்கள். புது பிளேட்டின் ஆரம்பப் பொடி அதில் வந்துவிடும். அதற்குப் பிறகு நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 40,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றினால் போதும்.